இரு பந்தி நோயாளி

நம்மிடையே ஒருவகை நோயாளி உண்டு. அவருக்கு உடம்பு ஒன்று, வைத்தியர் இருவர். அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு வைத்தியருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது, இவர் தெரியவிடவும் மாட்டார். ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தத்துக்குப் பிறசர்க் குளிசையை வாங்கி, பையை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகி, வெயிலோடு வெயிலாக நடந்து, சீன வைத்தியம் செய்பவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பிறந்தது முதல் குளிசையைக் கண்ணாலும் காணாதவருடைய முகம் ஒன்று இவருக்கு வந்துவிடும்.

“வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?”

“சீச்சீ!”

இதைப் பொய் என்று நினைக்கிறீர்களா? இல்லை, மரியாதை. ஒரு கலியாண வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு அடுத்த கலியாண வீட்டுக்குப் போனவர், ‘இப்பதான் அங்க சாப்பிட்டனான்’ என்று சொல்லலாமா? இலை போட்டால் உட்கார வேண்டும். பந்திக்கு உள்ள ஒழுக்கம்தான் மருந்துக்கும் என்பது இவர் சித்தாந்தம்.

பாலையூற்றுக் கதிரவேலரை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். காலையில் பஸ் ஏறிப் போய்த் துறைமுகக் கரையில் நிற்பார். உள்ளே வரும் கப்பல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, இது கோதுமை, இது சீமெந்து என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு பெருமையில்தான் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. போன ஆனியில், வந்துகொண்டிருந்த ஒன்றைச் சுட்டி, “சீமெந்து” என்றார்.

பக்கத்தில் நின்றவர் கிண்ணியாக் கலீலுர் றஹ்மான், இழுவைப் படகில் வேலை செய்த பழைய கூட்டாளி. அவர் கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார்.

“ஓம் ஓம், சீமெந்துதான். களவு போகாம இருக்கப் பீரங்கியும் பூட்டி வச்சிருக்கானுகள்.”

வந்தது கடற்படைக் கப்பல். அன்றைக்கே கதிரவேலர் கண் ஒப்பரேசனுக்குப் பெயர் கொடுத்தார். ஆனால் பிறசர் இறங்கினால்தான் ஒப்பரேசன். இரண்டு முறை போனார். இரண்டு முறையும் பிறசர் ஏறிக் கிடந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறையும் இறங்காவிட்டால் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விடும். அதற்குள் கரையில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதராகிவிடுவோம் என்ற பயம் அவருக்கு.

ஏன் இறங்கவில்லை? சீனாவில் அந்நாட்டு வைத்தியம் படித்துவிட்டு வந்த டொக்டர் அசனா, அவருடைய வரட்டு இருமலுக்கு அதிமதுரம் சேர்த்த கசாயம் கொடுத்திருந்தார். ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு மட்டும். ‘பிறசர் இருக்கா?’ என்றும் கேட்டிருந்தார். பதில் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டுச் சுவரில் ஒரு சீனப் பருவ அட்டவணை தொங்கியது. ஓகஸ்டில் இலையுதிர்காலம் பிறக்கும், அது நெஞ்சு வரளும் பருவம் என்று அதில் போட்டிருந்தது. கதிரவேலர் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய் அதை வாசித்தார். நோய்க்கு ஒரு கிழமையென்றால், பருவத்துக்குப் பருவம் முழுவதும் குடிப்பதுதானே முறை? கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கம்பளிச் சால்வையைப் போர்த்தபடி முற்றத்துக்கு வந்தார்.

“இஞ்ச பாரும், இலையுதிர்காலம் பிறந்திட்டுது.”

வேம்படியில் இலை கூட்டிக்கொண்டிருந்த மனைவி கோணேஸ்வரி நிமிரவில்லை. “ஆருக்குப் பிறந்தது? நான் வருஷம் முழுக்கக் கூட்டிறன். காலை எடுங்கோ.”

கடையில் அதே சரக்கை வாங்கிக் காய்ச்சிய கசாயம் வேளை தவறாமல் உள்ளே போனது. பிறசர் மேலே போனது.

மூன்றாம் முறை. ஆஸ்பத்திரி வாங்கில் கதிரவேலரும் கோணேஸ்வரியும் இருந்தார்கள். தாதி, மிஸி தேனுகா, அவர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள். முகம் சுருங்கியது.

“இன்னும் கூடத்தான் ஐயா. வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களோ?”

“சீச்சீ!”

“கதிரவேல் ஐயாவா?” என்றது ஒரு குரல். தன் வாப்பா முஹம்மது தம்பியை அதே ஒப்பரேசனுக்குக் கூட்டிவந்திருந்த டொக்டர் அசனா, அடுத்த வாங்கிலிருந்து எழுந்து வந்தார். “உங்களுக்குப் பிறசரா? இல்லெண்டுதானே சொன்னீங்க! அந்தக் கசாயத்த எப்பவோ நிப்பாட்டிட்டீங்கதானே?”

கதிரவேலர் கூரையைப் பார்த்தார்.

“காலமையும் குடிச்சவர்,” என்றார் கோணேஸ்வரி.

“அல்லாஹ்! அதிமதுரத்த நாளுக்கணக்காக் குடிச்சா பிறசர் ஏறுமே, ஐயா!”

“அதுதானே பாத்தன்!” என்றாள் மிஸி. “டொக்டர் குளிசைக்கு மேல குளிசை எழுதிறார், இறங்கேல்ல!”

அசனாவும் மிஸியும் சேர்ந்து நின்று, என்ன குளிசை, எத்தனை மூலிகை என்று ஒன்றுவிடாமல் ஒப்பிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் கூடப் படித்தவர்கள் போலாகிவிட்டார்கள். கதிரவேலருக்கு அதுதான் தாங்கவில்லை. இவர்கள் சண்டை பிடிக்கக்கூடாது என்றுதானே இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தார்!

காரணம் பிடிபட்டதால் பெயர் வரிசையில் தப்பியது. கசாயத்தை நிறுத்தி மூன்று கிழமை கழித்து வரச்சொன்னார்கள். போனார். பிறசர் இறங்கியிருந்தது. மிஸி பேனையை எடுத்தாள்.

“இந்த முறை உண்மை சொல்லோணும். வேற ஏதும்?”

கதிரவேலர் திருந்திய மனிதர். தொண்டையைச் செருமினார். “கலீலுர் றஹ்மான் தந்த கருஞ்சீரக எண்ணெய், விடியக்காலமை. வாதத்துக்குச் சித்த வைத்தியர் குடுத்த லேகியம், பின்னேரம். மருமகன் வெளிநாட்டிலயிருந்து அனுப்பின மீன் எண்ணெய்க் குளிசை. அதோட…”

“லேகியமோ?” என்றார் கோணேஸ்வரி. “அது எப்ப தொடக்கம்?”

“நீர் கேக்கேல்லையே!”

மிஸி தாளைத் திருப்பி மறுபக்கத்தில் எழுதினாள். கண் டொக்டர் முழுவதையும் வாசித்து, பாதியை வெட்டி, சிரித்துவிட்டு, ஆளை உள்ளே எடுத்தார். இப்போது கதிரவேலருக்கு ஒரு கண் பளிச்சென்று தெரிகிறது. மற்றக் கண்ணுக்குத் தை மாதம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன முறை டொக்டர், ‘வேற ஏதும் எடுக்கிறீங்களோ?’ என்று கேட்டபோது, பதில் சொல்ல முன்னர் ஒரு கணம் கூரையைப் பார்த்தீர்களே, அங்கே என்ன எழுதியிருந்தது?