கதவு மந்திரி

கதவு மறுபடியும் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஏசி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இயற்பியல் ஆசிரியர் சாலமன்ராஜ் சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தார். நேற்று ஆறு யூனிட். இன்றைக்கு ஏழு.

"அடப்பாவிகளா, விஸ்வநத்தம் ஊரு பூராவையும் குளுர வைக்கவா நான் சம்பளம் வாங்குறேன்? யாரு தொறந்தது?"

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஜூனில்தான் விருதுநகரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார் மனிதர். வந்த சூட்டோடு மாவட்ட மின்சிக்கனப் போட்டிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டார். முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த இந்த ஏசியை ஒரு பள்ளி நாள் முழுக்க ஐந்து யூனிட்டுக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஜெயித்தால் சோலார் பேனலும் பேட்டரியும் பரிசு. எதிரே தகரக் கூரைக்குக் கீழே வேகிற ஏழாம் வகுப்புக்குக் கரண்ட் போனாலும் ஃபேன் சுற்றும். அந்த வகுப்பில் போன மாதம் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்? அம்புட்டும் ஆற்றல்! அதைப் பிடிக்கணும்னா முதல்ல கதவைப் பிடிச்சுச் சாத்துங்க. கொடுத்த ஆற்றல்ல எம்புட்டு உருப்படியாப் பயன்படுதோ, அதுதான் பயனுறுதிறன். மிச்சம் பூரா இந்த வாசல் வழியா தெருவுக்குப் போகுது."

முதல் வைத்தியமாகக் கதவுக்கு ஸ்பிரிங் மாட்டினார். ஸ்பிரிங் ரொம்ப விசுவாசமானது. தலைமை ஆசிரியை ஜெபராணி டீ டம்ளரோடு உள்ளே வந்தபோது முதுகில் ஒரு போடு போட்டது. டீ பூராவும் வருகைப் பதிவேட்டில்.

"சாலமன் சார், ஏசியைக் காப்பாத்துறதுக்கு என்னைக் கொன்னுபுடாதீக" என்றார் அவர்.

மதியம் வந்து பார்த்தால் கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்து ஒரு செங்கல். மீட்டரில் எட்டு.

செங்கலுக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றார் துப்புரவுப் பணியாளர் பத்திரகாளி. முன்பு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவர். இடது கை முழங்கை வரைக்கும் தோல் வெந்து சுருங்கியிருக்கும்.

"இது யாரு வேலைம்மா?"

பத்திரகாளி வகுப்புக்குள் ஒரு பார்வை பார்த்தார். "என் வேலைதான் சார். பழக்கம். பட்டாசு ரூம்ல நாலு பக்கமும் கதவு தொறந்து கிடக்கணும். நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. இங்கன நாப்பது புள்ளையள உள்ள போட்டுப் பூட்டுறீக."

"இது வகுப்பும்மா! இங்க வெடிக்கிறதுக்கு என்னை விட்டா வேற எதுவும் இல்ல!"

அன்றைக்கே பத்திரகாளியைப் பின்கட்டடம் கூட்டுவதற்கு மாற்றச் செய்தார் சாலமன்ராஜ். மறுநாள் கதவோடு ஜன்னலும் திறந்திருந்தது. ஒன்பது யூனிட்.

அப்போதுதான் அவருக்கு அந்த அருமையான யோசனை வந்தது. கதவை ஒட்டிய பெஞ்சில் வேல்விழி என்றொரு பெண். அதிர்ந்து பேசாதவள். தாயில்லாப் பிள்ளை, சித்தி வீட்டில் வளர்கிறாள் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருமே என்று நிஜமாகவே ஆசைப்பட்டார்.

"வேல்விழி, இன்னையிலேருந்து நீதான் கதவு மந்திரி. யாரு தொறந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லணும்."

அவள் தலையாட்டினாள். அன்றைக்குப் பத்து யூனிட்.

"யாரு தொறந்தது மந்திரி?"

"தெரியல சார்."

"கதவுகிட்டயே உக்காந்துக்கிட்டு ஒண்ணுமே தெரியாதுங்கிற. பதவி ஏத்த அன்னைக்கே நிஜ மந்திரி ஆயிட்டியே தாயி!"

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

போட்டி நாளன்று சாலமன்ராஜ் யாரையும் நம்பவில்லை. மற்ற வகுப்புகளுக்கு ஆள் மாற்றிவிட்டு, தானே தாழ்ப்பாள் போட்டு, நாள் முழுக்க அங்கேயே காவல் இருந்தார். சாயங்காலம் மூன்றரைக்கு மீட்டரில் நாலே முக்கால். இன்னும் அரை மணி நேரம்தான். வந்திருந்த மாவட்ட அதிகாரி, "பிரமாதம் சார்" என்று கை கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வேல்விழி எழுந்தாள். அந்தக் குளிரிலும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. நேராகப் போய்த் தாழ்ப்பாளை இழுத்து, கதவை விரியத் திறந்து, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"வேல்விழி! கதவைச் சாத்து!"

"மாட்டேன் சார்!"

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. இழுத்துப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், அதிகாரி இருப்பதையும் மறந்து கெஞ்சினார். அவள் அசையவில்லை. நாலு மணிக்கு மீட்டர் ஐந்தரையில் நின்றது. அதிகாரி தாளில் ஏதோ எழுதி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எதிரே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். சாலமன்ராஜ் அவர்கள் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் புள்ளைகளப் பாரு! உன்னாலதான் அதுக இன்னமும் வேகப் போகுதுக. கதவைச் சாத்தினா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சத்தம் கேட்டுப் பின்கட்டடத்திலிருந்து பத்திரகாளி வந்துவிட்டார்.

"அவள வையாதீக சார். நான் தொறந்தேன்னு சொன்னது பொய்."

"எதுக்கும்மா பொய் சொன்னீங்க?"

பத்திரகாளி குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் அவ அம்மாவும் ஒரே ரூம்ல வேலை பாத்தோம் சார். நாலு பேரு, நாலு கதவு. தீப்பிடிச்சதும் மூணு பேரு ஆளுக்கொரு கதவா விழுந்து ஓடிட்டோம். அவ அம்மா பக்கத்துக் கதவு மட்டும் சாத்திக் கிடந்துச்சு."

"யாரும்மா சாத்தினது?"

ஒரு வாரமாக எல்லோரிடமும் "யாரு தொறந்தது" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக மாற்றிக் கேட்டார்.

"சோத்துத் தூக்குவாளி கொண்டாந்த இந்தப் புள்ளதான், அம்மா மூஞ்சில வெயிலடிக்குதேன்னு சாத்திட்டுப் போச்சு சார்."