வெயில் கிராணியின் எழுத்துப் பரீட்சை

லிங்கித் தோட்டத்தில் சூரியனையே வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே மனிதர் வெயில் கிராணி. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஹேண்ட்போனில் எந்த எழுத்து வடிவம் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் என்று தீர்ப்புச் சொல்வதுதான் பிறகு அவருடைய உத்தியோகம். சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு.

போனோடு வந்தவரை உச்சி வெயிலில் நிற்கவைத்துப் படிக்கச் சொல்வார். தான் மட்டும் கறுப்புக் குடைக்குள் நிற்பார். பெற்ற மகளுக்குக்கூட அதில் பாதி கிடையாது.

"நெழல்ல எல்லா எழுத்தும் அழகுதான்லா. வெயில்ல நிக்கணும், அதான் எழுத்து!"

ஒருமுறை தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் படித்துக்கொண்டிருந்தபோது காலடியில் உடும்பு ஓடியது. மண்டோர் குதித்தார். "வரிய முடிச்சிட்டுக் குதிங்க!" என்று அதட்டினார் கிராணி.

நான் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். படிப்பேன், அதுதான் முக்கியம். ஆனால் என் போனில் இருந்த எழுத்து முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தது. கோயில் குழுவில் வரும் செய்திகளை என் நாத்தனார்தான் படித்துச் சொல்வாள், அதுவும் பாதியை.

"மீதிய தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க அண்ணி?" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு பொறுக்காமல் கிராணியிடம் போனேன்.

"எழுத்தப் பெருசா வச்சுக் குடுங்க."

"யானகூடத்தான் பெருசு. படிக்க முடியுமா?"

ஒவ்வொன்றாக மாற்றினார். மெலிந்த எழுத்து வெயிலில் ஆவியாகிப் போனது. தடித்ததில் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டது. எனக்கு வியர்வை, அவருக்கு உற்சாகம். கடைசியில் வாலாட்டாத எழுத்து ஒன்று வந்தது. சுழிக்குள் வெளிச்சம், வரிக்கு வரி மூச்சுவிட இடம்.

"இதான்மா. இனிமே யாரையும் கேக்காதீங்க."

திருவிழாவன்று நடுப்பகலில் கோயில் வாசலில் வேனுக்காகக் காத்திருந்தோம். குழுவில் செய்தி வந்தது. நாத்தனார் போனைச் சாய்த்தாள், முந்தானையால் மூடினாள். அவள் போனில் மருதாணி போட்ட மாதிரி எழுத்து.

"கண்ணு கூசுதுலா..."

நான் என் போனை எடுத்தேன். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, அவசரமில்லாமல் படித்தேன். "வேன் கோயில் வாசலுக்கு வராது. எல்லாரும் ஆற்றங்கரைக்கு வரவும். முன் இருக்கை மூத்த பெண்களுக்கு."

"கடைசியில என்ன சொன்னீங்க அண்ணி?"

"முன் இருக்கை மூத்த பெண்களுக்கு. நீ பின்னால ஏறிக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், என்மேல் வெயிலே படவில்லை. பக்கத்தில் வெயில் கிராணி, வழுக்கைத் தலை மின்ன வெயிலில் நின்றார். கறுப்புக் குடை முழுசாக என் தலைக்கு மேலே இருந்தது.