ரீச்சாளரும் சாவிப் பலகையும்

குற்றச்சாட்டு: ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பூட்டுக்கடையின் உட்சுவரில் யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருந்த ஊரார் வீட்டுச் சாவிகளுக்கு, பெயரும் கதவு எண்ணும் எழுதிய வண்ணச் சீட்டுகளைக் கட்டி, ஒவ்வொரு சாவியின் பல்லும் தெரியும் அளவுக்குத் துல்லியமாகப் படம் பிடித்து, உலகத்தின் பார்வைக்கு வைத்தது. குற்றம் சாட்டப்படுபவர்: கடைக்காரரின் மச்சினன். தொழில்: ரீச்சாளர்.

அந்தக் கடைசிச் சொல்லுக்காக யாரும் அகராதியைப் புரட்ட வேண்டாம். பேச்சாளர் பேசுகிறார், எழுத்தாளர் எழுதுகிறார், ரீச்சாளரோ தாம் ஒன்றும் செய்யாமல், அடுத்தவர் செய்தது எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் குடும்பத்தில் ஒருவர் நிச்சயம் இருப்பார். இல்லையென்று சொல்பவர்கள் இந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தி வரை பொறுத்திருக்கவும்.

அவரை அடையாளம் காண்பது எளிது. அறைக்குள் முதலில் ஃபோன் வரும். அதன் பின்னால் அவர் வருவார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார், வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று பார்ப்பார். தேநீர் கொடுத்தால் அது ஆறும்வரை படமெடுத்துவிட்டு, ஆறிப்போன தேநீரைக் கொடுத்தார்கள் என்று குறைபட்டுக்கொள்வார். அவருடைய குழந்தை தன் முதல் அடியை மூன்று முறை எடுத்துவைத்தது. முதல் இரண்டு முறையும் வெளிச்சம் போதவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் கண் கலங்குவார், அதை மறுக்கவில்லை, கலங்கிய கண்ணோடேயே மூத்த மகனின் தோளைத் தட்டி, "அண்ணே, இரங்கல் பதிவ இப்பவே போட்றாதீங்க. வேலை நேரத்துல எவனும் பாக்கமாட்டான். சாயங்காலமா போடுங்க, அப்பாவுக்கு நல்ல ரீச் கிடைக்கும்" என்பார். போனவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது அவர் கவலையல்ல.

இத்தனை ஞானமும் எங்கே கிடைத்தது? ஒரு சனி ஞாயிறு நடந்த இணையவழி வகுப்பில். முடிவில் கிடைத்த சான்றிதழைப் படமெடுத்துப் போட்டார். உடன் படித்தவர்கள் எல்லாரும் அதன் கீழே தீச்சுவாலைப் படம் வைத்தார்கள். அவர்கள் தங்கள் சான்றிதழ்களைப் போட்டார்கள். இவர் அவற்றுக்குத் தீ வைத்தார். இப்படி ஒருவரையொருவர் கொளுத்திக்கொண்டு அத்தனை பேரும் ஒரே வாரத்தில் நிபுணர்களாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவராவது தம் வாழ்நாளில் ஒரு சீப்பையோ சோப்பையோ இன்னொரு மனிதருக்கு விற்றிருக்கிறாரா? கேட்காதீர்கள். கேட்டால், "நீங்க இன்னும் பழைய மைண்ட்செட்லயே இருக்கீங்க" என்று உங்கள் தோளையும் தட்டுவார்.

கருவியின்மேல் குற்றமில்லை, அதையும் பதிவு செய்துவிடுவதே முறை. பூட்டுக்கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அம்மாளும் ஃபோனில் பதிவு போடுகிறவர்தான். இன்று கடை உண்டா இல்லையா என்று ஒரு வரி. தைத்து முடித்த உடுப்பு ஒன்று, உடையவரைக் கேட்டுக்கொண்டு எடுத்த படம். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் துணியோடு வருகிறார்கள். ரீச்சாளர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்: "அதுல ஒரு ஸ்டோரியே இல்லையே!" துணி கொடுக்க வருகிறவருக்கு அளவு சரியாக இருந்தால் போதும், கதை எதற்கு?

இனி, பாதிக்கப்பட்டவர். பூட்டுக்கடைக்காரர் வாய்ச்சொல்லில் சிக்கனமானவர், கைத்தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் புதிய குடியிருப்புகளில் எண்ணை அழுத்தினால் திறக்கிற கதவுகள் வந்துவிட்டன. சாவியே இல்லாத வீட்டுக்குப் பூட்டுக்கடைக்காரர் எதற்கு? கடை ஈ ஓட்டியது. அப்படியும் அது விழாமல் நின்றது என்றால், அதைத் தாங்கிப் பிடித்தது ஒரு பலகைதான்.

கடையின் உட்சுவரில், கதவு வைத்த ஆழமில்லாத பெட்டிக்குள், கொக்கிகள் அடித்த பலகை. அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். வெளியூர் போகிறவர்கள், மறதிக்காரர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் என்று பலர். எந்தச் சாவியிலும் பெயர் இருக்காது, எண் இருக்காது. எது யாருடையது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. பெட்டியை எவன் உடைத்தாலும் இரும்புத் துண்டுகள்தான் கிடைக்குமே தவிர வீடு கிடைக்காது. வீட்டுக்காரரே நேரில் வந்து முகத்தைக் காட்டினால்தான் சாவி கைக்கு வரும். இந்தக் காவலுக்கு அவர் கூலி வாங்கியதில்லை. ஆனால் சாவியைக் கொடுத்து வைத்தவர்கள் தாழ்ப்பாள் முதல் இரும்புப் பெட்டி வரை வேறெங்கும் வாங்கியதில்லை. சொல்லப்போனால் அந்தப் பலகைதான் அவருடைய விளம்பரம். அது வாயைத் திறக்காத விளம்பரம்.

அதில் மூலைக் கொக்கியில் ரீச்சாளர் வீட்டுச் சாவியும் தொங்கியது. வாசலில் நின்று வீடியோ எடுக்கும்போது காற்றில் கதவு சாத்திக்கொள்ள, அடிக்கடி வெளியே மாட்டிக்கொள்பவர் அவர்.

ஒருநாள் அக்காவைப் பார்க்க வந்த ரீச்சாளர், பெட்டி திறந்திருக்கக் கண்டார். கண்டவர் அப்படியே நின்றார்.

"மாமா! இவ்ளோ பெரிய ட்ரஸ்ட்ட பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கீங்களே!"

"பூட்டுக்கடைடா. பூட்டித்தான் வெப்பாங்க" என்றாள் அக்கா.

"அக்கா, நீ சும்மா இரு. மாமா, உங்களுக்கு உங்க வேல்யூ தெரியல. நீங்க கடைக்காரர் இல்ல மாமா. நீங்க ஒரு பிராண்டு."

வேலியில் போன ஓணான் வேட்டிக்குள் நுழைந்தது இந்த இடத்தில்தான். ஏனென்றால், பூட்டுக்கடைக்காரர் சிரித்துவிட்டார். கூச்சத்தோடு, மீசைக்குள், ஆனாலும் சிரித்துவிட்டார். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் காத்த விவரத்தை, எந்தச் சாவி எந்த வீடு என்று, கொக்கி கொக்கியாக மச்சினனிடம் சொன்னார். காரணம் எளியது: மனைவி ஒருநாளும் அவரைப் பிராண்டு என்று அழைத்ததில்லை.

"பேரெல்லாம் எதுக்கு மாப்ள? சும்மா பலகைய மட்டும் எடேன்."

"பேர் இல்லாட்டி எவன் நம்புவான் மாமா? யார் நம்மள நம்புறாங்கன்னு காட்டினாத்தான் அடுத்தவன் நம்புவான். இதுக்குப் பேரு சோஷியல் ப்ரூஃப். வகுப்புல ரெண்டாவது பாடமே இதான்."

"அவங்கள ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"ஓசில விளம்பரம் குடுக்கறோம், வேணாம்னா சொல்லுவாங்க? நீங்க போய் அந்தக் கட்டம் போட்ட சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுட்டு வாங்க."

அவர் சட்டை மாற்றி வருவதற்குள் பலகை அலங்காரமாகியிருந்தது. 'இரண்டாம் மாடி, வங்கி அதிகாரி வீடு.' 'மூலை வீடு, டாக்டர்.' 'பச்சைக் கேட், டீச்சர் (தனியாக வசிக்கிறார்).' பிறை அடைப்புக்குள் இருப்பது ரீச்சாளரின் சொந்தச் சேர்க்கை, உணர்ச்சி வேண்டுமாம். படத்தில் பூட்டுக்கடைக்காரர் பலகைக்கு அருகே மார்பில் கைகட்டி நிற்கிறார். மேலே வாசகம்: 'இந்தக் குடும்பங்கள் தங்கள் வீட்டையே எங்களிடம் கொடுத்துவிட்டன. நீங்கள்?' போதாக்குறைக்கு, அந்தந்த வீட்டாரின் சமூக ஊடகக் கணக்குகளையும் தேடிப் பிடித்துப் படத்தோடு கோத்துவிட்டார். திருடனுக்கு முகவரி தேடும் சிரமம்கூட இருக்கக் கூடாதல்லவா?

பதிவு பறந்தது. ரீச்சாளர் வாழ்வில் முதல் முறையாகப் பறந்தது. எங்கோ கண்காணாத தேசத்தில் பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவர் அதைப் பார்த்து, இவ்வளவு தெளிவான படம் இருந்தால் சாவி தேவையில்லை, படத்தை வைத்தே அரம் போட்டு அதே சாவியைச் செய்துவிடலாம் என்று எழுதினார். அதன்பின் பிடித்தது தீ. இது சான்றிதழுக்கு வைத்த தீ அல்ல.

"மாமா, செம! கமெண்ட்ட பாருங்க!"

பூட்டுக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "திட்டுறாங்களே மாப்ள."

"திட்டும் எங்கேஜ்மென்ட்தான் மாமா."

முதலில் வந்தவர் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோபப்பட்டால்கூடக் குரல் உயராது.

"தம்பி, என் சாவியக் குடுத்துடுப்பா."

"டீச்சர், உக்காருங்க. அது வந்து..."

"வெளிநாட்டுலேர்ந்து என் பையன் பேசினான். 'அம்மா, நம்ம வீட்டுச் சாவியப் பாத்தேன்'னான். எங்கடான்னேன். எல்லாரும் பாத்துட்டாங்கம்மான்னான்." சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே பூட்டையே மாத்தணும். எங்க வாங்குறதுன்னுதான் தெரியல."

"எங்கிட்டயே வாங்கலாமே டீச்சர். நானே வந்து மாட்டித் தர்றேன்."

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். "போட்டோ எடுக்கமாட்டல்ல?" என்று கேட்டுவிட்டு, விடைக்கு நிற்காமல் படியிறங்கினார்.

பின்னாலேயே வங்கி அதிகாரி வந்தார், டாக்டரும் வந்தார், அடுத்தடுத்து வாசலில் வரிசையே நின்றுவிட்டது. பூட்டுக்கடைக்காரர் தலை நிமிராமல் ஒவ்வொரு சாவியாகக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்ணச் சீட்டைப் பிய்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அது எந்த வகையில் உதவும் என்று அவருக்கே தெரியாது. ஏதோ ஒரு வெளிச்சம் கண்ணில் அடிக்க நிமிர்ந்தால், எதிரே தையல் கடைப் படியில் ஏறி நின்று மச்சினன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"கடை வாசல்ல கூட்டம் மாமா! இப்படிக் கூட்டத்த இந்தத் தெரு பாத்திருக்கா?"

"சாவியத் திருப்பி வாங்க வந்திருக்காங்க மாப்ள."

"எதுக்கோ. வந்திருக்காங்கல்ல?"

இதற்கு மேலும் ஒரு இனத்தை விவரிக்க வேண்டுமா?

ஆனாலும் இதுவரை சொன்னதை அறியாமை என்று மன்னித்துவிட வழியிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டான், சின்னப் பையன், போகட்டும் என்று பூட்டுக்கடைக்காரர் மனத்துக்குள் சமாதானம் தேடிக்கொண்டிருந்தார். அதைக் கெடுத்தவள் மனைவி. வரிசை கலைந்தபின், வெறும் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவனின் பக்கத்தில் அமர்ந்து, ஃபோனில் அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள்.

"ஏங்க, எல்லார் வீட்டுச் சாவியும் இருக்கு. இவன் வீட்டுச் சாவி எங்க?"

மூலைக் கொக்கி. படத்தில் அது மட்டும் வெறுமையாக இருந்தது.

"டேய், இங்க வா. இதுல உன் சாவியக் காணோமே?"

ரீச்சாளர் எட்டிப் பார்த்தார். முதல் முறையாக அவர் ஃபோனைக் கீழே வைத்தார். "அதுவாக்கா... அது ஃப்ரேம்ல சரியா உக்காரல."

"எங்கடா அது?"

கை தானாகவே சட்டைப் பையைத் தொட்டுவிட்டு இறங்கியது. "இல்லக்கா, வீட்டுல குழந்தை இருக்கு... நமக்குன்னு கொஞ்சம் பிரைவசி பாக்கணும்ல."

பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. பலகைப் பெட்டியின் கதவைச் சாத்தினார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அதைப் பூட்டினார்.

அறியாமை என்ற வாதம் அத்துடன் அடிபட்டுப் போகிறது. படத்தின் அச்சுப்படி பத்திரமாக இருக்கிறது. ஊர்ச்சாவிகளைக் காட்டினால் என்ன ஆகும் என்பது ரீச்சாளருக்கு, யாரும் சொல்லித் தராமலேயே, கட்டம் போட்ட சட்டை அயர்ன் ஆவதற்குள் விளங்கியிருக்கிறது. ஆகவே அவரிடம் ரீச் எவ்வளவு, கூட்டம் எவ்வளவு என்ற விளக்கம் எதுவும் கோரப்படவில்லை. கேள்வி ஒன்றே: படமெடுக்கும் முன், உங்கள் சாவியை மட்டும் ஏன் கழற்றினீர்கள்?

என்ன வாசகரே, சிரித்தாயிற்றா? சென்ற முறை குடும்பப் படத்தைப் போட்டபோது, அண்ணி கண்ணை மூடிக்கொண்டும் சித்தப்பா வாய் நிறையச் சோற்றோடும் இருக்க, நீங்கள் மட்டும் எடுப்பாக விழுந்த படத்தைத்தானே தேடிப் பிடித்துப் போட்டீர்கள்? நண்பர் உங்களை நம்பி எழுதிய செய்தியைக் குழுவில் காட்டியபோது, அவர் பெயரை அப்படியே தெரிய விட்டுவிட்டு உங்கள் பதிலை மட்டும் கவனமாக வெட்டி நீக்கினீர்களே, அந்தக் கத்தரி இப்போது யார் பையில் இருக்கிறது? இதைப் படிக்கும்போதே எந்த வரியைப் படமாக்கிப் போடலாம் என்று கட்டைவிரல் துடித்ததல்லவா?

எனவே கேள்வி உங்களுக்கும் சேர்த்தே கேட்கப்படுகிறது. பதில் எழுத்து மூலமாக, கையெழுத்தோடு வர வேண்டும். இதயம், கூப்பிய கை, கண்ணீர் விட்டுச் சிரிக்கும் முகம் ஆகியவை பதிலாக ஏற்கப்படமாட்டா. நேரில் வந்து விளக்க வேண்டாம். நீங்கள் வந்தால் ஃபோனும் கூடவே வரும்.