இறாலுக்கு ஊற்றிய நல்ல தண்ணி

சும்மா இருப்பது சுலபம் என்று சொல்கிறவன், ஒருநாளும் சும்மா இருந்து பார்க்காதவன். நான் இருந்து பார்த்தேன். ஆடி மாதம் முழுக்க இருந்தேன். ஆவணி பிறந்த அன்றைக்குக் கோட்டை விட்டேன்.

எனக்குப் பேச்சு அதிகம் வராது. எட்டாவதோடு லேத் பட்டறைக்குப் போனவன். அங்கே மிஷின் போடுகிற சத்தத்தில் யாரும் நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. நல்ல இடம். கல்யாணம் ஆன பிறகுதான் சிக்கல். மேகலா சத்தியமங்கலத்துப் பெண். எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

சரவணம்பட்டியில் எங்கள் வாடகை வீட்டுக்கு அவள் சீர் சாமான்களோடு ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொண்டுவந்தாள். மீன் இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். இறால். செக்கச்செவேலென்று, விரல் நகம் அளவுக்கு. கூடவே வரி போட்ட நத்தைகள். (மீன் தொட்டியில் மீனைத் தவிர எல்லாம் இருந்தது.)

"ஏனுங்க, மீனை உட்டா எறாக் குஞ்சையெல்லாம் முழுங்கிப்போடும். நத்தை ஒண்ணும் பண்ணாது. அது பாட்டுக்குப் பாசியத் தின்னும், எறா பாட்டுக்கு மிச்சம் மீதியப் பொறுக்கும். சண்டையே இல்லாத குடும்பமுங்க."

"செரி" என்றேன்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிற மாதம். கிளம்பும்போது மேகலா என்னைப் பார்த்து அழவில்லை. தொட்டியைப் பார்த்து அழுதாள். காரணம் இருந்தது. இறால்களில் ஒன்று வயிற்றுக்கடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் செவத்தா.

"செவத்தா மாசமா இருக்கறா. நல்லபடியா குஞ்சு பொரிக்கோணும். எப்பவாச்சும் ஒரு துண்டு வேகவெச்ச கீரை போடுங்க. தண்ணி கொறஞ்சா பாத்ரூம் பக்கெட்டுல போர் தண்ணி புடிச்சு வெச்சிருக்கறேன், அதைய ஊத்துங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க. பண்ணாம இருப்பீங்களா?"

"ம்."

இருந்தேன். நடுவில் ஒருநாள் ஒரு இறால் வெளிறிப்போய் அடியில் கிடந்தது. அசைவில்லை. கரண்டியால் எடுத்து, துளசித் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேகலாவுக்குப் போனில் துக்கம் சொன்னேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. "அது செத்துப் போகலீங்க. மேல்தோல் உரிச்சுப் போட்டிருக்குது. சட்டை மாத்தற மாதிரி. நீங்க சட்டையப் பொதைச்சுப்போட்டீங்க!"

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆவணி முதல் நாள் மாமனார், மாமியாரோடு அவள் திரும்பி வருவதாக ஏற்பாடு. வீட்டைக் கழுவினேன். முந்தின நாளே, சீராக வந்த செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கி, நல்ல தண்ணி நிரப்பி வைத்திருந்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு தண்ணி. எப்போதாவது குழாயில் வருவது நல்ல தண்ணி, குடிக்க. போரில் வருவது உப்புத் தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும். ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கு உப்புத் தண்ணியை நீட்டமாட்டோம். அதைவிடக் கேவலம் இல்லை.

வேலை முடிந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. இதுகளும் நம் வீட்டுக்கு வந்த ஒறம்பரைதானே? மாதம் முழுக்க உப்புத் தண்ணியிலேயே கிடக்கின்றன. ஒருத்தி மாசமாக வேறு இருக்கிறாள்.

மனசு கேட்கவில்லை. தொட்டியில் பாதித் தண்ணியை மொண்டு கொட்டினேன். செப்புக் குடத்தை அப்படியே சாய்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் இறால்கள் குறுக்கும் நெடுக்கும் பறந்தன. நத்தைகள் கண்ணாடியில் ஏறி, தண்ணியை விட்டே வெளியே வந்தன. நல்ல தண்ணியின் ருசி என்று நினைத்தேன். (படிப்பு எட்டாவதுதான். ஆனால் அந்த நினைப்புக்கு எட்டாவதே அதிகம்.) பெருமை தாங்காமல் மேகலாவுக்கு வீடியோ கால் போட்டேன். பஸ் அன்னூரில் நின்றிருந்தது.

"ஏனுங்க, எறாவெல்லாம் எதுக்கு இப்புடிப் பறக்குது?"

"குஷி."

"நத்தை எதுக்குங்க வெளிய ஏறுது?"

"உன்னையப் பாக்க."

"என்னத்த ஊத்துனீங்க?"

"நல்ல தண்ணி."

"எதுல இருந்துங்க?"

போனைத் திருப்பிக் குடத்தைக் காட்டினேன். பளபளவென்று இருந்தது.

அவள் போட்ட அலறலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும். "செம்பு ஆகாதுங்க! எறாவுக்கும் நத்தைக்கும் அது வெசமுங்க! அய்யோ, மாசமா இருக்கறவளுக்கு வெசத்தை ஊத்திப்போட்டீங்களே!"

பக்கத்து சீட்டிலிருந்து ஒரு அம்மாவின் குரல் கேட்டது. "மாசமா இருக்கறவளுக்கு வெசமா? ஆரு அம்மணி குடுத்தது?"

"எங்க ஊட்டுக்காரருங்க!"

பின் சீட்டில் யாரோ, "போலீசுக்குச் சொல்லுங்க மொதல்ல" என்றார். "மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி" என்று இன்னொரு குரல். போன் இன்னும் வீடியோவில்தான் இருந்தது. விளக்கிச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பேச்சு வராதே.

அப்போது மாமனார் போனை வாங்கினார். வாழைத் தோட்டத்துக்காரர். என்னைவிடக் குறைவாகப் பேசுகிற ஒரே ஆள்.

"மாப்ளெ, பக்கெட்டுல போர் தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அதுல மாத்துங்க."

டீ வடிகட்டியை எடுத்தேன். ஒவ்வொரு இறாலாக வாரி பக்கெட்டில் விட்டேன். நத்தைகளைக் கையால் பறித்துப் போட்டேன். ஒரு நத்தையைக் காணோம். செவத்தாவை வாரினேனா, தெரியவில்லை. அவசரத்தில் எல்லாம் ஒரே சிவப்பு.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நாலாவதாக ஒருத்தர் இருந்தார். பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா.

"கோவில்பாளையத்துல எறங்க வேண்டியவ நானு. மனசு கேக்கல. எங்க அந்தப் புள்ள?" என்று படுக்கையறை வரைக்கும் போய்ப் பார்த்தார்.

மேகலா பக்கெட்டைக் காட்டினாள். அந்த அம்மா குனிந்தார். நிமிர்ந்தார். "இதுக்கா நா ஸ்டாப்பைத் தாண்டி வந்தேன்?"

மேகலா யாரையும் கவனிக்கவில்லை. பக்கெட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துத் தேடினாள். சில இறால்கள் அடியில் சாய்ந்து கிடந்தன. இந்த முறை வெறும் சட்டை இல்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஊருக்கே திரும்பிப் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

பக்கெட்டுக்குள் ஒரு மக் மிதந்தது. அதைத் தூக்கினாள். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு, கால்களை ஆட்டி ஆட்டி, முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள் செவத்தா.

மேகலா என்னைப் பார்த்தாள். பிறகு, "கீரையாச்சும் ஒழுங்காப் போட்டீங்களா?" என்றாள்.

"ம்" என்றேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. (அது உப்புத் தண்ணிதான்.)

சமாளிக்க, குடத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணியை டம்ளரில் ஊற்றி மாமனாருக்கு நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். "மாப்ளெ, நா வேண்ணா போர் தண்ணியே குடிச்சுக்கறனுங்க."

அப்போதுதான் மாமியார் வாசலைக் கைகாட்டி முதல்முறையாகச் சிரித்தார். காணாமல் போன நத்தை, வாசலில் மாமனாரின் செருப்பில் ஏறிக்கொண்டிருந்தது. சத்தியமங்கலத்துக்கே போய்விடலாம் என்று முடிவு பண்ணியிருக்கும்.

செவத்தா குஞ்சு பொரித்தாள். இப்போது எங்கள் தொட்டியில் அவள் வம்சம்தான். பஸ் அம்மா எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் தவறுவதில்லை. யாராவது புதிதாகத் தென்பட்டால் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இவருதானுங்க, மாசமா இருந்தவளுக்கு வெசம் வெச்ச மனுசன்" என்று சொல்லிவிட்டு, கதையை முடிக்காமலே பந்திக்குப் போய்விடுவார்.

எந்த விசேஷத்திலும் எனக்கு வேலை கொடுப்பதில்லை. மச்சினி கல்யாணத்தில் எல்லோரும் ஓடினார்கள். எனக்கு மட்டும் மண்டப வாசலில் ஒரு நாற்காலி. "மாப்ளை ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதுமுங்க" என்று மாமியார் கும்பிட்டே சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாமனார் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார்.

"சும்மாதானுங்களே மாப்ளெ?"

"ஆமாங்க."

உட்கார்ந்தார். முகூர்த்தம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. எனக்குத் தெரிந்து, அந்தக் கல்யாணத்தில் எந்தக் குறையும் இல்லாமல் நடந்த வேலை எங்களுடையதுதான்.