கப்பல் கான்ட்ராக்டர் வீட்டுக் கட்டுச்சோறு

"அந்த அண்டாவ மொதல்ல வெளில எடு" என்றார் அத்தாவுல்லா.

அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தது தன் ஷெர்வானியைத் தேடி. ஷெர்வானி இருந்தது. ஆனால் அதை ஓர் அண்டாவுக்குச் சுற்றி வைத்திருந்தார்கள். அண்டாவுக்குள் அரிசி, அரிசிக்குள் முட்டை, முட்டை உடையாமலிருக்க மேலே மகள் தாஹிராவின் புதுப் பாவாடை.

"அண்டா இல்லாம சோறு எதுல பொங்குறது?" என்று கேட்டாள் அவர் மனைவி சாபிரா.

"உன்ன யாரு பொங்கச் சொன்னது? நாம போறது உல்லாசப் பயணம். மூணு வேளையும் மேசைல உக்கார வச்சு கப்பல் கம்பெனியே சோறு போடுது."

"போடட்டும். நம்ம கைலயும் கொஞ்சம் இருக்கட்டுமே."

இதைக் கேட்டு எந்தக் கணவனுக்கும் சிரிப்புத்தான் வரும். அத்தாவுல்லாவுக்கு நெஞ்சு எரிந்தது. அதற்குக் காரணம் உண்டு.

ராயபுரம் மாதா கோயில் தெருவில் அவருக்கு அரிசி மண்டி. அந்தக் கம்பெனியின் பயணிகள் கப்பலுக்கு அரிசி சப்ளை செய்கிற கான்ட்ராக்டர் அவர்தான். ரேஷனை எடுத்துவிட்ட மறு வருஷம் அது. அரிசிக் கட்டுப்பாடு போனதும் தெருவுக்குத் தெரு கடை முளைத்துவிட்டது. எதிர்வாடையில் கடை வைத்திருக்கும் பஷீர், அந்த வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்த அதே கான்ட்ராக்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். கம்பெனி அதிகாரி ரகுபதியோ யாருக்கும் பிடி கொடுக்காத மனிதர். அப்படிப்பட்டவர் அத்தாவுல்லாவைக் கூப்பிட்டு, "குடும்பத்தோட விசாகப்பட்டினம் வரைக்கும் போய்ட்டு வாங்க பாய். நானும் அதே கப்பல்லதான் வரேன். கையெழுத்து விஷயத்தை வழியில பேசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

"தா பாரு சாபிரா" என்றார் அத்தாவுல்லா, அண்டாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. "ஹோட்டல்காரன் பொண்டாட்டி தூக்குச்சட்டில சோறு எடுத்துக்கினு ஹோட்டலுக்குள்ள வந்தா பாக்குறவன் இன்னா நெனப்பான்? கப்பல்ல கீறது நம்ம கடை அரிசி. கான்ட்ராக்டர் வூட்லேர்ந்தே அரிசி மூட்டையோட வந்தா ரகுபதி சார் இன்னா நெனப்பாரு? மானம் கப்பலேறிடும்."

"அவரு ஏன் நம்ம பொட்டிய தொறந்து பாக்கப் போறாரு?"

"மூடி இருந்தா மட்டும் வாசன வராதா?"

சாபிரா பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாதபோதுதான் அத்தாவுல்லா ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் அவர் கற்கவே இல்லை.

பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். அண்டா, அரிசி, முட்டை, கருவாட்டுப் பொட்டலம், ஓட்டுமாவு டப்பா எல்லாம் சமையலறைக்குத் திரும்பின. அவரே உட்கார்ந்து துணிகளை மடித்து அடுக்கினார். பூட்டினார். சாவியை இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டு மூடிக்கொண்டார்.

"இப்ப இன்னா பண்ணுவ பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பியபோது வாசலில் ஐந்து பூனைகள் உட்கார்ந்திருந்தன. உள்ளே மூன்று. எல்லாம் படுக்கைச் சுருளைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தன.

அத்தாவுல்லா சுருளைப் பிரித்தார். தலையணை உறைக்குள் நெத்திலிக் கருவாடு.

"இன்னா இது?"

"தாஹிராவுக்குக் கருவாடு இல்லாம சோறு எறங்காது" என்றாள் சாபிரா.

"எறங்கும் வாப்பா" என்றாள் தாஹிரா.

"நீ சும்மா இருடி."

அடுப்படியிலிருந்து கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். காசிமேட்டுக்காரி. தாஹிரா பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் சமையல் அவள் கைதான். "அது நான் பாத்து வாங்கியாந்த கருவாடு மொதலாளி. மண்ணே கெடையாது" என்றாள். பிரச்சினை மண்ணில்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

அத்தாவுல்லா தலையணையைத் தூக்கி முற்றத்தில் வீசினார். பூனைகளுக்கு அன்று பெருநாள்.

"படுக்கையே வாணாம். கப்பல்ல மெத்த கீது. மூணு பேரும் கைய வீசிக்கினு போறோம்."

சாபிராவின் கண்ணில் நீர் முட்டியது. "கடல்ல தல சுத்தி பொண்ணு வாந்தி எடுத்தா? வாய்க்கு ஒரு எலுமிச்ச ஊறுகா, ஒரு வாய் கஞ்சி குடுக்கக்கூட எதுவும் வாணாமா?"

பெண்டாட்டி அழுதால் அத்தாவுல்லாவுக்குத் தாங்காது. கோபத்துக்கு நடுவிலேயே இளகிவிட்டார். இளகியதோடு நில்லாமல் ஒரு யோசனையும் சொன்னார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

"சரி, மருந்துன்னா எடுத்துக்க. மருந்த யாரும் குத்தம் சொல்ல முடியாது. ரகுபதி சார் கேட்டாக்கூட மருந்துன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லலாம்."

இதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் இருந்த மனிதர், மாடிப் போர்ஷன் ரஹீமுன்னிசாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

விடிந்ததும் ரஹீமுன்னிசா ஒரு ஜாடியோடு இறங்கி வந்தாள். "கடல் மயக்கத்துக்கு இறா ஊறுகா மாதிரி மருந்தே கெடையாது பாய். எங்க வூட்டுக்காரரு பினாங்கு போறப்பல்லாம் இதான்."

பக்கத்து வீட்டுக் குணசுந்தரி புளியோதரை கொண்டுவந்தாள். புளிப்பு வயிற்றைப் பிரட்டாதாம். கோடி வீட்டு எல்சி பெரிய கேக் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் இஞ்சி போட்டிருப்பதால் அதுவும் மருந்துதான் என்றாள். நோய்க்கென்று கொடுப்பதை வேண்டாம் என்று திருப்ப முடியுமா? ஒன்றை வாங்கியபின் இன்னொன்றை மறுத்தால் தெருவில் முகம் கொடுத்துப் பேசுவார்களா? அத்தாவுல்லா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்தார்.

இதையெல்லாம் பொறுத்தவரால் பொறுக்க முடியாதது அடுத்து வந்தது. பஷீரே ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான்.

"புள்ளைக்கு கடல் மயக்கம் வரும்னு கேள்விப்பட்டேன் மாமு. கஞ்சிக்கு நல்ல பழைய அரிசி. நம்ம கடையிது."

"யாரு கடையிது?"

"நம்ம கடையிதுதான். மனசுல ஒண்ணும் வச்சுக்காத. தொழில் வேற, தோஸ்து வேற."

"பஷீர் கடை அரிசி என் வூட்டு வாசப்படி ஏறுமா?" என்று அத்தாவுல்லா கத்தினார். "என் உசுரு இருக்கற வரைக்கும் ஏறாது. எடுத்துக்கினு போ."

பஷீர் ஏதோ சொல்ல வாயெடுத்து, உள்ளே நின்ற சாபிராவைப் பார்த்துவிட்டு, பையோடு திரும்பிப் போனான். சாபிரா தலையைக் குனிந்துகொண்டாள். எதிரியின் முன்னால் தன்னால் தலைகுனிவு வந்ததே என்று அவளும் வெட்கப்படுகிறாள் போலும் என்று அத்தாவுல்லா நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பே அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஜட்கா வண்டி வந்தபோது நாலு கூடைகள் வரிசையாக நின்றன.

"மூணு மருந்துக் கூடை சரி" என்றார். "இந்த நாலாவது?"

"பத்தியம்" என்றாள் சாபிரா. "மருந்து சாப்புட்டா பத்தியம் வாணாமா?"

துணியை விலக்கிப் பார்த்தார். தேங்காய்ச்சோறும் பொரித்த கோழியும் மேலே வந்து அவரை நலம் விசாரித்தன. திட்டுவதற்கு நேரமில்லை. ஜட்காக்காரன் குதிரையைத் திருப்பிக்கொண்டிருந்தான். வழியனுப்ப வந்த கன்னியம்மா மடியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். துறைமுகம் போகிற வரைக்கும் அத்தாவுல்லா எல்லாரையும் மாறி மாறித் திட்டினார். குதிரைக்கும் கொஞ்சம் கிடைத்தது.

துறைமுகக் கொட்டகையில் ரகுபதி வெள்ளைக் கால்சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கூடைகளைப் பார்த்தார்.

"என்ன பாய், மண்டியையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல சார். எல்லாம் மருந்து" என்றார் அத்தாவுல்லா, நெஞ்சை நிமிர்த்தி.

ரகுபதியின் சிரிப்பு நின்றது. ஓரடி பின்னால் நகர்ந்தார். "நாலு கூடை மருந்தா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார். இனிமே வரப்போறதுக்கு."

"வரப்போறதுன்னு எப்படித் தெரியும்? பாய், அம்மையோ காலராவோ கப்பல்ல ஏறிச்சுன்னா விசாகப்பட்டினத்துல ஒருத்தரையும் இறங்க விடமாட்டான். தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் பாக்கட்டும்."

துறைமுக டாக்டர் வந்தார். தாஹிராவை நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு சாபிராவின் கண்ணைப் பார்த்தார். அதற்குள் பின்னால் நின்ற பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகத் தொடங்கினார்கள். சோறு கொண்டுவந்த மனிதன் என்ற பெயருக்குப் பயந்தவருக்கு, காலராவைக் கொண்டுவந்த மனிதன் என்ற பெயர் கிடைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் முதல் ஜாடியைத் திறந்து முகர்ந்தார். "இது இறால் ஊறுகாய்" என்றார். அடுத்ததைத் திறந்தார். "புளியோதரை." கேக்கை ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது கூடையின் துணியை விலக்கிவிட்டு, "இந்தக் கோழிக்கு என்ன வியாதி?" என்று கேட்டார்.

கொட்டகையே சிரித்தது. ரகுபதி சிரிக்கவில்லை. டாக்டர் போகும்வரை காத்திருந்துவிட்டு, எந்தக் கேள்விக்கு அத்தாவுல்லா தூக்கமில்லாமல் பயந்தாரோ அதே கேள்வியைக் கேட்டார்.

"சாப்பாடு எதுக்கு பாய்? கப்பல்லதான் சாப்பாடு இருக்கே. அரிசிகூட உங்க அரிசிதானே?"

அத்தாவுல்லாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"என் அரிசிய நானே சந்தேகப்படுவனா சார்? பொம்பளைங்க பேஜாரு சார் இது. ஊரு ஒலகம் தெரியாததுங்க. கட்டுச்சோறு இல்லாம வாசல தாண்டத் தெரியாது. நீங்களே பாருங்க." திரும்பிக் கூலிக்காரர்களைக் கூப்பிட்டார். "யப்பா, வாங்க இப்டி. இந்த நாலு கூடையும் உங்களுக்குத்தான். என் குடும்பம் கப்பல் சோறுதான் துன்னும். விசாகப்பட்டினம் போய் வர்ற வரைக்கும் வேற ஒரு பருக்கை வாயில வைக்கக் கூடாது. நான் சொல்லிட்டேன்."

"புள்ளைக்கு ஒரு வேளைக்காவது" என்றாள் சாபிரா.

"ஒரு வாய்கூட கெடையாது."

கூலிக்காரர்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை. தேங்காய்ச்சோற்றை வாயில் வைத்த ஒருவன், "இன்னா அரிசி பாய் இது, பூவாட்டம் கீது" என்றான்.

அத்தாவுல்லாவின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாக அவர் பட்ட அவமானத்துக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தை போதும். ஒரு தட்டில் கொஞ்சம் வாங்கி ரகுபதியிடம் நீட்டினார். ரகுபதி யோசித்து, ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார்.

"பிரமாதமா இருக்கு. ஆனா கப்பல்ல சோறு இப்படி வர்றதில்லையே பாய். பயணிங்க புகார் சொல்லிட்டே இருக்காங்க. அதனாலதான் நான் கையெழுத்துப் போடாம இழுத்துட்டு இருக்கேன்."

"அது பொங்கறவன் கைல கீது சார். உங்க சமையக்காரன மாத்துங்க. அரிசி இதே அரிசி."

ரகுபதி தட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நியாயம்தான். பாவம், உங்களைப் போய் நான் தப்பா நினைச்சுட்டேன்." சட்டைப் பையிலிருந்து கான்ட்ராக்ட் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மூடியைத் திருகினார். "விசாகப்பட்டினம் வரைக்கும் எதுக்கு? இப்பவே போட்டுடறேன்."

அந்த நிமிஷம் அத்தாவுல்லா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தபின் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

"சந்தேகத்தோட போடாதீங்க சார். சாட்சி வச்சுக்கினு போடுங்க. தோ, இவ கன்னியம்மா. எங்க வூட்ல பொங்கறது இவதான். பொய்யே வராது இவ வாயில. நீங்களே கேளுங்க."

சாபிரா கன்னியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று கன்னியம்மா முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லும்மா" என்றார் ரகுபதி, பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு. "உங்க வீட்டு அரிசி எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

தன் சமையலைப் பற்றி ஒரு துரை கேட்டதில் கன்னியம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

"எப்பவும் இப்டித்தான் சாமி, ரேஷன் எடுத்த நாள்லேர்ந்து எங்க வூட்டுக்கு வர்ற பஷீர் பாய் கடை அரிசி ஒரே மாரிதான் கீது, மொதலாளி கடைலேர்ந்து வர்ற மூட்டையத்தான் அம்மா பிரிக்காமகூட கப்பலுக்குப் போற வண்டில ஏத்தி வுட்டுடுவாங்க."