குடை மாமா நனைந்த நாள்

ஓர் ஆளுக்குத் தாடி ஒட்டிவிட்டால் அவருடைய சொந்தத் தெருவுக்கே அடையாளம் தெரியாது என்று நம்பிய மடையன் நான். சிறுவர் பத்திரிகை ஒன்றில் மாயாஜாலத் தொடர் எழுதும் வாய்ப்பு வந்தது. பொல்லாத மந்திரவாதி ஒருவன் தேவைப்பட்டான். ரொம்ப யோசிக்காமல் என் தாய்மாமாவுக்குத் தாடி ஒட்டி எழுதிவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் மழை எல்லார் மேலும் பெய்யும். தெருவே 'குடை மாமா' என்று சொல்லும் என் மாமா மேல் மட்டும் பெய்யாது. அவரிடம் சொந்தக் குடை இருந்ததாகச் சரித்திரமே இல்லை. சாலைக் கடைவீதியில் தூறல் விழுந்தால் போதும், குடை விரித்தவனாகப் பார்த்து ஒட்டிக்கொள்வார். "மோனே, ஸ்ரீவராகத்துக்குத்தானே? கை வலிக்கப்போறது, இங்கே குடு." ஆரியசாலைக்குப் போக வேண்டியவன் பாதி நனைந்து எங்கள் தெருவில் வந்து நிற்பான். வாசலில் மாமா வானத்தைப் பார்ப்பார். "விட்டுடுத்தே! இனி உனக்கு எதுக்கு?" குடை உள்ளே போய்விடும். கரடி படம் போட்ட குழந்தைக் குடைகூட அவரிடம் உண்டு. அதனாலேயே தெருப் பிள்ளைகள் அவர் வாசலை ஓடிக் கடப்பார்கள்.

கதையில் மந்திரவாதி குடை திருடினான். முதல் அத்தியாயம் வந்த சாயங்காலமே அத்தனை பிள்ளைகளும் மாமா வாசலில். "மந்திரவாதி மாமா, தாடி எங்கே?"

"போய்க் கால்ல விழுங்கோ," என்றாள் என் மனைவி. நான் பரணில் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமாவே யாரோ ஓர் ஆட்டோக்காரரின் குடையில் வந்து சேர்ந்தார். காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"போறாதாக்கும்."

"காப்பியா மாமா?"

"கதையிலே என் வேஷம்டா. அந்தக் கதாநாயகப் பையன் என்னத்துக்கு எப்பப் பார்த்தாலும் வந்துண்டிருக்கான்?"

அப்புறம் வேஷத்தைப் பெரிசாக்கச் சொல்லி வாராவாரம் வருவார். மறுத்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்தறது... ஒரு அரண்மனை குடுத்தியானா சரியாகும், கேட்டியா," என்பார். அரண்மனை கொடுத்தேன். பறக்கும் கட்டில் கொடுத்தேன். கதாநாயகப் பையனுக்கு வேலையில்லாமல் போக, அவனை ட்யூஷனுக்கு அனுப்பினேன். கடைசியில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "சார், யாரோட கதை இது? மந்திரவாதியை முடிங்க." இருந்த எரிச்சலில், அவனை மழையில் வெல்லமாகக் கரைத்தேன். அதை மாமாவிடம் போனில் சொல்லியும் தொலைத்தேன்.

மறுநாள் பேய்மழை. வாசலில் மாமா. கூட யாரும் இல்லை, குடையும் இல்லை. வேட்டியிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் நனைந்து நான் பார்த்ததே கிடையாது.

"மாத்துடா."

"ஆசிரியர் ஒத்துக்க மாட்டார், மாமா."

"சாயங்காலமானா பிள்ளைகள் வரதுகள். ஒத்தையிலே கிடக்கறவன் ஆத்துக்கு வேற யாருடா வரா? மந்திரவாதி கரைஞ்சா அதுகளும் வராதுகள்."

நெஞ்சைப் பிடிக்கவில்லை. தலையும் சுற்றவில்லை.

இதுவும் அவர் வித்தைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துண்டைக் கொடுத்தேன். அவர் தலை துவட்டி முடிப்பதற்குள் முடிவை மாற்றினேன்: மழை கொட்டுகிறது, ட்யூஷனிலிருந்து திரும்பும் பையன் மந்திரவாதிக்குக் குடை பிடிக்கிறான். படித்துக் காட்டினேன். மாமா தலையாட்டினார், எழுந்தார், மூலையில் இருந்த என் புதுக் குடையை எடுத்துக்கொண்டார்.

"மாமா! நனைஞ்சுண்டுதானே வந்தேள், அப்படியே போகப்படாதா?"

படியிறங்கிக்கொண்டே குடையை விரித்தார்.

"மந்திரவாதி நனையப்படாதுடா."