லூட்கர் ஹூல்ஸ்மான் உட்கார்ந்த வரலாறு

வெஸ்டர்லோகே கால்பந்துக் கழகத்தில் லூட்கர் ஹூல்ஸ்மானுக்கு ஒப்பந்தப்படி இருந்த வேலை, முன்வரிசையில் நின்று கோல் அடிப்பது. அவர் செய்துவந்த வேலை, உட்கார்ந்திருப்பது. மூன்றாம் டிவிஷனில் இது ஒன்றும் அதிசயமில்லை. பதினொரு பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் மைதான ஓரத்து நாற்காலிகளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யாருக்காவது கால் பிசகாதா என்று நாகரிகமாகக் காத்திருப்பார்கள். தோல்வி உறுதியான பிறகு, போனால் போகிறதென்று கடைசிச் சில நிமிடங்களுக்கு லூட்கரை உள்ளே அனுப்புவார்கள். அந்தச் சில நிமிடங்களில் பந்து அவர் பக்கம் வந்ததில்லை.

வயது முப்பத்து மூன்றாகிவிட்டது. பெரிய ஆசை எதுவும் இல்லை. சொந்த ஊர் மைதானத்தில், மனைவி மரைகே பார்க்க, ஒரே ஒரு கோல். அதன்பின் மாமனாரின் டைல்ஸ் கடையில் போய் உட்கார்ந்துவிடலாம். உட்காரும் அனுபவம் இருக்கிறது.

அந்தக் கழகத்துக்கு நாகரிகங்கள் தாமதமாக வரும், ஆனால் வராமல் இருந்ததில்லை. ஒரு வருஷம் தூக்க ஆலோசகர் வந்தார். ஆட்டக்காரர்கள் பட்டப்பகலில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். அடுத்த வருஷம் உணவு ஆலோசகர் வந்தார். சாசேஜ் போய், புளிக்கவைத்த பீட்ரூட் சாறு வந்தது. மற்றக் கழகங்களில் தரவுத் துறை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் செயற்குழு அவசரமாகக் கூடி, நமக்கு இல்லாதிருப்பது ஊருக்கே தலைகுனிவு என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அதை நடத்த டாக்டர் ரெங்கர் வந்து சேர்ந்தார். வெள்ளை ஷூ போட்ட ஒல்லியான மனிதர். கால்பந்தை நேரில் பார்த்தால் ஆராய்ச்சி பாதிக்கப்படும் என்பதால் பார்க்கும் வழக்கமில்லை.

முதல் மாதமே அவர் பயிற்சியாளர் ப்ரூஸ்காவைக் கூப்பிட்டார்.

“ஹூல்ஸ்மான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்த ஒரு ஆட்டத்துலகூட நாம தோக்கல. அவர் எழுந்து உள்ள போன எல்லா ஆட்டத்துலயும் தோத்திருக்கோம்.”

“தோத்துக்கிட்டிருந்ததாலதான் டாக்டர் அவனை அனுப்பினேன்.”

“அது உங்க அபிப்பிராயம். நான் சொல்றது தரவு.”

ப்ரூஸ்கா முன்னாளில் தடுப்பாட்டக்காரர். தலையால் நிறைய பந்து தடுத்தவர். அதற்கு மேல் வாதாடவில்லை.

ராசி என்று சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். தரவு என்று சொன்னால் சம்பளம் கொடுத்து அறை ஒதுக்குவார்கள். லூட்கர் இனி எக்காரணம் கொண்டும் எழக்கூடாது என்று உத்தரவாயிற்று. பின்வரிசையில் மூன்றாவது நாற்காலி அவருக்கென்று நிர்ணயமாயிற்று. சூடேற்றும் மெத்தை வந்தது. முதுகைப் பிடித்துவிடத் தனி ஆள் வந்தார். அணியும், என்ன காரணத்தாலோ, வரிசையாக ஜெயித்தது. ஒருமுறை சமனில் முடிந்தபோது, அன்று லூட்கர் கால்மேல் கால் போட்டிருந்தார் என்று ரெங்கர் கண்டுபிடித்தார்.

ஊரில் அவர் பெயர் போட்ட சட்டைதான் அதிகம் விற்றது. “ஹூல்ஸ்மான் நேற்று நிதானமாக, முதிர்ச்சியுடன் உட்கார்ந்தார்” என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. ஆடி அடையாத புகழை அமர்ந்து அடைந்த அவர், வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“ஊரே கொண்டாடுது, உனக்கென்ன குறை?” என்றாள் மரைகே.

“நான் என்ன கோழியா, உக்காந்து பேர் வாங்க?”

“கோழிகூட உக்காந்தா ஒண்ணு போடும்,” என்றாள் அவள். சொன்ன பிறகு அவளுக்கே கஷ்டமாக இருந்தது. “சரி, பொதுக்கூட்டத்துல கேளு. நானும் வரேன்.”

அந்த நாட்டில் கால்பந்துக் கழகம் உறுப்பினர்களுக்குச் சொந்தம். வருஷத்துக்கு ஒருமுறை பீர் மண்டபத்தில் கூடிக் கை தூக்கினால் அதுதான் சட்டம். லூட்கரும் சந்தா கட்டிய உறுப்பினர். பேச எழுந்தார்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்றார் தலைவர் பதறிப்போய். “சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. உக்காந்தபடியே பேசுங்க.”

லூட்கர் உட்கார்ந்தபடியே, தமக்கு ஆட வேண்டும் என்றார். ஒரு பெரியவர் பீரைக் கீழே வைத்தார்.

“தம்பி, ஆடறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பான். உன்னை மாதிரி உக்கார ஆள் கிடைக்குமா? கழகத்தைவிட நீ பெரியவனா?”

எல்லோரும் கை தட்டினார்கள். வாக்கெடுப்பில் லூட்கருக்கு ஆதரவாக இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று அவருடையது. மற்றொன்று மரைகேயுடையது என்று அவர் நினைத்தார். அது பீருக்காகப் பரிசாரகனைக் கூப்பிட்ட கை. மரைகே தலை குனிந்திருந்தாள். “கழகம் ரெண்டாம் டிவிஷனுக்குப் போனா அப்பா கடைக்கும் நல்லது லூட்கர்,” என்றாள் திரும்பி வரும்போது.

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் இரண்டாம் டிவிஷன். அன்று காலை பீட்ரூட் சாறு தன் வேலையைக் காட்டியதில், ஒருவழியாகத் தேறிய பதினொரு பேரைத் தவிர மற்ற ஆட்டக்காரர்கள் அனைவரும் கழிவறையை விட்டு வெளியே வர இயலாத நிலையில் இருந்தார்கள். சாறு குடிக்காமல் பூந்தொட்டியில் ஊற்றிவந்த லூட்கர் ஒருவர்தான் ஓரத்தில் இருந்தார். முதல் பாதியில் வெஸ்டர்லோகே ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் முன்வரிசைக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது.

“ஹூல்ஸ்மானை அனுப்பறேன்,” என்றார் ப்ரூஸ்கா.

ரெங்கர் அறையிலிருந்து காதுக்கருவியில் பேசினார். “வேண்டாம். பத்து பேரோட ஆடலாம். விதிப்படி ஏழு பேர் வரைக்கும் குறையலாம், இன்னும் நிறைய இடம் இருக்கு.”

பத்துப் பேருடன் ஆடினார்கள். எதிரணி சமன் செய்தது.

“இப்ப என்ன சொல்றீங்க டாக்டர்? அவன் உக்காந்துதானே இருந்தான்?”

“முன்னால சாய்ஞ்சு எட்டிப் பாத்திருக்கார். அதை முழுமையா உக்காந்ததுன்னு எடுத்துக்க முடியாது.”

ப்ரூஸ்கா காதுக்கருவியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டார். “எழுந்திருடா,” என்றார்.

லூட்கர் எழுந்தார். மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. ஆயிரக்கணக்கான கண்கள் பின்வரிசை மூன்றாவது நாற்காலியின் பக்கம் திரும்பின. மெத்தை மெல்ல மெல்ல உப்பிப் பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தது. சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். லூட்கரை உள்ளே விட்ட நடுவரும் நாற்காலியின் பக்கம் திரும்பினார். தொலைக்காட்சிக் கேமராக்கள் ஒன்று விடாமல் அங்கே திரும்பின. எதிரணித் தடுப்பாளனும் என்னதான் நடக்கிறதென்று திரும்பிப் பார்த்தான். அவன் காலடியிலிருந்த பந்தை லூட்கர் காலால் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினார். பதினேழு வயதில் ஓடியது போல ஓடி, இடது காலால் ஓங்கி ஒரு அடி. பந்து மேல் மூலையில் போய் வலையைக் கிழிப்பதுபோல் விழுந்தது.

யாரும் கத்தவில்லை. நடுவர் நாற்காலியை விட்டுத் திரும்பினார். பந்து வலைக்குள் கிடந்ததால் கோல் என்று ஊதினார். அதன் பிறகுதான் ஊர் கத்தியது. எதிரணி கோல்கீப்பர் டோர்பென் மட்டும் எழுந்து வந்து லூட்கரின் கையைக் குலுக்கினான். “அருமையான அடி,” என்றான் காதருகில்.

ஆட்டம் அந்த கோலோடு முடிந்ததும் மரைகே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “யார் போட்டது?”

“நான்தான். நீ பாக்கலையா?”

“உன்னைத்தான் பாக்கணும்னு வந்தேன். எல்லாரும் நாற்காலியைப் பாத்தாங்க, நானும்...”

கோல் அடித்தவரை உறுதிப்படுத்த இயலவில்லை என்று நடுவர் அறிவித்தார். எல்லாக் கேமராக்களிலும் நாற்காலிதான் தெளிவாகப் பதிவாகியிருந்தது. மறுநாள் லூட்கர் டோர்பெனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“நீ பாத்தேல்ல? ஒரு வார்த்தை சொல்லு.”

“பாத்தேன்பா. ஆனா பாத்தேன்னு சொன்னா, பாத்துட்டு ஏன் பிடிக்கலைன்னு கேப்பாங்க. நாற்காலியைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னேன். ஆறுதல் சொல்லித் தோளைத் தட்டிக்கொடுத்தாங்க. குடும்பஸ்தன், புரிஞ்சுக்கோ.”

டாக்டர் ரெங்கர் புதிய முடிவை வெளியிட்டார். ஹூல்ஸ்மான் எழுந்தும் வெற்றி கிட்டியது. ஆகவே பலன் ஹூல்ஸ்மானிடம் இருந்ததில்லை, நாற்காலியில் இருந்தது. லூட்கரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நாற்காலிக்கு ஒரு பெரிய கழகம் நல்ல விலை பேசியது; உறுப்பினர்கள் கூடி, கழகத்தின் ஆன்மா விற்பனைக்கல்ல என்று மறுத்துவிட்டார்கள்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு லூட்கர் டைல்ஸ் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். நின்று பார்க்கும் பகுதியில்தான் இடம் கிடைத்தது. இதை ஒரு முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டார். கையில் பீர். ஓரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்காலி. திடீரென்று மைதானம் அதிர்ந்தது. பக்கத்தில் நின்றவர் அவரைக் கட்டிக்கொண்டார்.

“யார் போட்டது?” என்று கேட்டார் லூட்கர்.

“யாருக்குத் தெரியும்? நீங்க பாக்கலையா?”

லூட்கர் கண்ணாடிக் கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இல்லை என்று தலையாட்டினார்.